ஒரு ரன்னில் தோற்ற ஃபைனல்

1. அந்த ஒரு விக்கெட்

நான் அந்தப் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜராகச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, காலை டீ இடைவேளையில் என் அறைக்கு ஆறு பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி. ஐம்பதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் சாக்பீஸ். துக்க வீட்டிலிருந்து நேராக வந்தவர் போல முகம் இருந்தது. யாருக்கோ கட்டிங் மெஷினில் கை போய்விட்டது என்று நினைத்து நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"மேடம், நேத்து மேட்ச்சப் பத்திப் பேசோணுங்க."

"என்ன மேட்ச்?"

"நம்ம கம்பெனி டீம் மேட்ச்சுங்க. ஒரு விக்கெட் போயிருச்சுங்க."

"தோத்துட்டோமா?"

"இல்லீங்க. ஒம்பது விக்கெட்ல ஜெயிச்சோமுங்க."

"அப்புறம் என்னங்க?"

பழனிசாமி மற்ற ஐந்து பேரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "அந்த ஒரு விக்கெட் ஏனுங்க போச்சு? அதைத்தான் கேக்க வந்தோமுங்க."

நான் சிரித்தேன். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனி கிரிக்கெட் டீம் என் டிபார்ட்மென்ட்டின் கீழ் வருகிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்டர்வியூவில் யாரும் சொல்லவில்லை. எனக்கு எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. சமூகப் பணி படித்துவிட்டு லேபர் வெல்ஃபேர் வேலைக்கு வந்தவள் நான்.

எங்கள் எம்.டி. கல்லூரிக் காலத்தில் ஆட ஆசைப்பட்டு முடியாமல் போனவர். அதை டீம் வைத்துத் தீர்த்துக்கொண்டார். கோயமுத்தூரில் லீக் ஆடும் பையன்களாகத் தேடிப் பிடித்து, ஸ்டோர் அசிஸ்டென்ட், செக்கிங் சூப்பர்வைசர் என்று சம்பள ரோலில் ஏற்றியிருந்தார். அவர்களில் ஒருவர்கூட ஸ்டோருக்குள் போனதில்லை. டீமுக்குத் தனி கிரவுண்ட், தனி கோச், ஏ.சி. பஸ், உடம்பு பிடித்துவிட ஓர் ஆள். கம்பெனிகளுக்கிடையே நடக்கும் டோர்னமென்ட்டில் எதிரே வருகிற டீம்கள் நிட்டிங் ஆபரேட்டர்களும் சாயப்பட்டறை ஆட்களும் ஷிஃப்ட் முடித்து வந்து ஆடுபவை. பேடு இரண்டு ஜோடிதான் இருக்கும். அவுட்டானவன் கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவன் கட்ட முடியும். அவர்களைத்தான் நாங்கள் வருடா வருடம் ஜெயித்துக் கோப்பை வாங்கினோம்.

இப்படிப்பட்ட டீமை வைத்திருக்கிற தொழிலாளிகள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று யாரும் நினைப்பார்கள். நான் பார்த்தது வேறு. சின்ன யூனிட் ஆட்கள் லீக்கில் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தால் டெம்போவின் மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்கள் கோப்பை வாங்கிய அன்றைக்கும் குறை சொல்லிக்கொண்டேதான் பஸ் ஏறுவார்கள். எண்பது ரன்னில் ஜெயித்தால் நூறு ரன்னில் ஏன் ஜெயிக்கவில்லை. கேப்டன் எழுபது அடித்தால், அவசரப்பட்டு நூறை விட்டுவிட்டான்.

2. புகார்ப் பெட்டி

ஃபாக்டரியில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகார்ப் பெட்டி உண்டு. ஆடிட்டுக்கு வருகிற, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்கள் முதலில் கேட்பது அதைத்தான். சனிக்கிழமை தோறும் நான்தான் திறப்பேன். குடிதண்ணீர், லீவு, பாத்ரூம், சூப்பர்வைசரின் வாய் என்று சீட்டுகள் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஏழாம் நம்பர் பேட்ஸ்மேனை மாற்றவும்."

"வைடு போடுகிறவனுக்கு இன்கிரிமென்ட் எதற்கு?"

"கேப்டன் மணிகண்டன் சிரித்துக்கொண்டே ஆடுகிறார். கவனிக்கவும்."

ஒரு சனிக்கிழமை நாற்பதுக்கு மேல் சீட்டு. முக்கால்வாசி கிரிக்கெட். நடுவில் ஒரு சீட்டில், அயர்னிங் செக்‌ஷனில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி மூன்று வாரமாகிறது, ஒரு அக்கா மயங்கி விழுந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. படிக்கும் வேகத்தில் அதையும் மற்றவற்றோடு ஒதுக்கிவிட்டேன். திரும்ப எடுத்துப் பார்த்ததால் தப்பித்தேன்.

அயர்னிங் செக்‌ஷனுக்குப் போய், ஏன் முன்பே யாரும் நேரில் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "ஃபேனுக்கெல்லாமா வந்து நிக்கறதுங்க மேடம்?" என்றார் ஒருவர். அதே மனிதர் ஒரு விக்கெட்டுக்காக என் அறைக்கு வந்து நின்ற ஆறு பேரில் ஒருவர்.

3. மணிகண்டன்

மணிகண்டன் தாராபுரம் பக்கம். டீமில் வெளியிலிருந்து வாங்கி வராத ஒரே ஆள். பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தவன், சாப்பாட்டு இடைவேளையில் அட்டைப்பெட்டியை ஸ்டம்பாக வைத்து ஆடுவதை எம்.டி. பார்த்து எடுத்தார். நான் சேர்ந்தபோது கேப்டன். வயது முப்பதுக்குள். மனைவி தேவி எங்களிடமே இரண்டாம் நம்பர் லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மற்ற ஆட்டக்காரர்கள் தொழிலாளிகளோடு கலக்க மாட்டார்கள். மணி கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பிடுவான். அதனால் மற்றவர்கள் மேல் வர வேண்டிய கோபமும் அவன் மேலேயே வந்தது. தட்டோடு நிற்கும்போது முதுகில் தட்டி, "போன மேட்ச்ல அந்த பாலை ஏன்டா தூக்குன?" என்று கேட்பார்கள். ஜெயித்த மேட்சைப் பற்றித்தான்.

ஒரு நாள் அவனிடம் கேட்டேன். "மணி, இதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா?"

"ஜெயிக்கறது அவங்களுக்குச் சோறு மாதிரி ஆயிருச்சுங்க மேடம். சோறு போட்டா யாரும் கை தட்டறதில்லீங்களே. போடலீன்னாத்தான் கேப்பாங்க."

4. டாக்டர் லெட்டர்

அந்த வருடம் அமெரிக்க ஆர்டர்கள் குறைந்துபோயின. ஃபாக்டரியில் பாதி லைன் நின்றது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள்தான் வேலை. வடக்கத்திப் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். டீம் செலவை மட்டும் எம்.டி. குறைக்கவில்லை. "அதையும் நிறுத்துனா கம்பெனி முடிஞ்சுதுன்னு ஊரே பேசுமுங்க மேடம்" என்றார்.

வேலை குறையக் குறைய, கிரவுண்டில் கூட்டம் ஏறியது. செமி ஃபைனலில் மணி ஒரு ரன் ஓடித் திரும்பும்போது வலது முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தான். எழுந்து ஆடி ஜெயித்தும் கொடுத்தான். மறுநாள் கால் வீங்கிவிட்டது. எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, லிகமென்ட் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடவே கூடாது, மீறினால் காலே சரியில்லாமல் போகும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த லெட்டரை மணி என் கையில் கொடுத்தான். ஃபைனலுக்குப் பத்து நாள் இருந்தது.

நான் எம்.டி.யிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இது வேற யாருக்குத் தெரியுங்க மேடம்?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"உங்க டிராயர்லயே இருக்கட்டுங்க. ஃபைனல் முடிஞ்சு ஃபைல் பண்ணிக்கலாம்."

விஷயம் எப்படியோ கசிந்தது. மணிக்குக் கால் வலி, ஃபைனல் ஆட மாட்டான் என்று பேச்சுக் கிளம்பியது. பழனிசாமி வந்தார். இந்த முறை முப்பது பேர். காரிடார் வரைக்கும் நின்றார்கள்.

"மணி இல்லாம ஃபைனலாங்க மேடம்? அவன் ஒத்தக் கால்ல நின்னாலும் அடிப்பானுங்க."

"கால் வலின்னா ஓய்வு குடுக்க வேண்டாமுங்களா? மத்த பத்துப் பேரும் நல்ல ஆட்டக்காரங்கதானே? ஒரு வருஷம் தோத்தாத்தான் என்னங்க?"

தோத்தா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் என் முன்னால் உட்கார்ந்ததில்லை.

"மேடம், எனக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலைங்க. மவளக் கட்டிக் குடுத்த எடத்துல எங்களை மதிக்கறதில்லீங்க. ஊட்டுக்குப் போனா ஒருத்தரும் என்ற பேச்சைக் கேக்கறதில்லீங்க. இந்த டீமைப் பத்திப் பேசுனா மட்டும் எல்லாருங் கேப்பாங்க. எங்க கம்பெனி தோக்காதுன்னு சொல்லுவனுங்க. அதையும் விட்டுப்போட்டு நான் என்னத்தைப் பேசறதுங்க?"

என்னால் அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

மணியைக் கூப்பிட்டு, ஆட வேண்டாம், நான் எம்.டி.யிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரலில் உறுதியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"ஆடறனுங்க மேடம். ஆடலீன்னா இந்த கேட்டுக்குள்ள நான் வர முடியாதுங்க. தேவியும் வர முடியாதுங்க."

டோர்னமென்ட் கமிட்டிக்கு ஃபிட்னஸ் ஃபாரம் அனுப்ப வேண்டும். பதினோரு பேரும் ஆடத் தகுதியானவர்கள் என்று டீம் மேனேஜர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

ஃபைனலில் எதிரே வந்தது நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன நிட்டிங் யூனிட். அவர்கள் இருபது ஓவர் ஆடி எடுத்தது பெரிய ஸ்கோர் இல்லை என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொன்னார்கள். பத்து ஓவருக்குள் முடிந்துவிடும் என்று பழனிசாமி பஸ் டிரைவரிடம் சொல்லிவைத்தார்.

எங்கள் விலையுயர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் பெரிய ஷாட் அடிக்கப் போய் அவுட்டானார்கள். கூட்டம் ஒவ்வொரு பாலுக்கும் பவுண்டரி கேட்டது. ஒரு ரன், இரண்டு ரன்னாக எடுத்தவனைக் கூச்சல் போட்டே கெடுத்தார்கள். மணி முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு, பட்டை கட்டி இறங்கினான். ஓட முடியாததால் நின்ற இடத்திலேயே அடித்து ஸ்கோரைக் கிட்டே கொண்டுவந்தான். கிரிக்கெட் தெரியாத எனக்கே அவன் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

கடைசி பாலில் மூன்று ரன் வேண்டும். அடித்தான். பால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நல்ல தூரம் போனது. நல்ல கால் இருந்திருந்தால் மூன்று ஓடியிருக்கலாம் என்று கோச் பிறகு சொன்னார். முதல் ரன்னை நொண்டிக்கொண்டே முடித்தான். இரண்டாவதுக்குத் திரும்பிப் பாதி வழி வந்தபோது கால் மடங்கியது. விழுந்தான். எழவில்லை. கையால் ஊன்றித் தவழ்ந்து வர முயன்றான். அதற்குள் ஸ்டம்பை அடித்துவிட்டார்கள். ஒரு ரன்னில் தோற்றோம்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்தது. தொடர்ந்து தண்ணீர் பாட்டில்கள். எங்கள் டீம் ஆட்கள் பெவிலியனிலேயே நின்றார்கள். ஜெயித்த யூனிட் பையன்கள்தான் கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்து மணியைத் தூக்கினார்கள். அவர்கள் கேப்டன் தன் தோளில் மணியின் கையைப் போட்டுக்கொண்டு, பாட்டில்கள் விழும் பக்கமாகத் தான் நடந்து, அவனை மறைத்துக் கூட்டிவந்தான்.

இது நான் என் வேலைக் காலத்தில் பார்த்த நல்ல காரியங்களில் ஒன்று. மறுநாளே இதுதான் மணிக்கு எதிரான சாட்சியானது.

6. விசாரணை

"எதிர் டீம்காரன் ஏனுங்க வந்து தூக்கோணும்? மொதல்லயே பேசி வெச்சுட்டாங்க." திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப் குரூப்பில் இதுதான் ஓடியது. மத்தியானத்துக்குள், அந்தக் கேப்டன் மணிக்கு ஒரம்பரை, சொந்தக்காரன் என்றார்கள். சாயங்காலத்துக்குள் மேட்சை விற்றுவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவனை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தேவி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லைன்ல பீஸைக் கையில குடுக்க மாட்டீங்கறாங்க மேடம். கீழே போடறாங்க. குனிஞ்சு குனிஞ்சு எடுத்துத் தெக்கறனுங்க. கேன்டீன்ல நான் உக்காந்தா டேபிளே எந்திரிச்சுப் போகுதுங்க. எவ்வளவு வாங்குனீங்கன்னு கேக்கறாங்க. நான் ஓவர்லாக் ஓட்டறவளுங்க. நான் எந்த மேட்ச் ஆடுனனுங்க?"

"நான் சூப்பர்வைசர்கிட்டப் பேசறேன் கண்ணு."

"அவருதானுங்க மேடம் மொதல்ல கேட்டது."

அன்று மாலை எம்.டி. கூப்பிட்டார். "வொர்க்கர்ஸ் கொதிச்சுப்போய்க் கெடக்கறாங்க. ஏதாவது செஞ்சு காட்டோணுங்க மேடம். மணிக்குச் சார்ஜ் ஷீட் குடுங்க."

"மேட்ச்ல தோத்ததுக்கு எப்படி சார் சார்ஜ் ஷீட் குடுக்கறது?"

"உடம்பு சரியில்லாததை மறைச்சு ஆடுனான்னு போடுங்க."

"லெட்டர் நம்மகிட்ட இருக்குது சார்."

"இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

உடல் தகுதியின்மையை நிர்வாகத்திடம் மறைத்து, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது. இந்த வாக்கியத்தை நானே டைப் செய்தேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள், ஆர்டர் இல்லாத வருடத்தில் வேறு வேலை கிடைக்காது என்றெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவை உண்மைதான். இருந்தாலும் டைப் செய்தது நான்தான்.

விசாரணை அன்று அறையில் மூன்று பேர். நான், மணிகண்டன், குறிப்பெடுக்க டைம் ஆபீஸ் கிளார்க். மணிக்குக் காலை மடக்க முடியவில்லை. மேஜைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தான். சார்ஜ் ஷீட்டை மெதுவாகப் படித்தான். நிமிர்ந்தான்.

"மேடம், டாக்டர் லெட்டரை உங்க கையிலதானுங்களே குடுத்தேன்?"

கிளார்க் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இதை எழுதட்டுங்களா மேடம்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. "வேண்டாம்" என்றேன்.

மணி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"செரிங்க. நான் என்ன எழுதிக் குடுக்கோணும்னு சொல்லுங்க மேடம். எழுதிக் குடுத்துட்டுப் போயர்றனுங்க."

குடும்பக் காரணங்களால் ராஜினாமா செய்வதாக எழுதிக் கொடுத்தான். தேவியும் அதே வாரம் நின்றாள். ராஜினாமா நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட அன்று கட்டிங் செக்‌ஷனில் கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

7. அதற்குப் பிறகு

அடுத்த சீசனுக்குச் சென்னையிலிருந்து புதிய கேப்டனை வாங்கினார்கள். கோப்பை திரும்ப வந்தது. மறுநாள் டீ இடைவேளையில் பழனிசாமி என் அறைக்கு வந்தார். "கடைசி ஓவர் வரைக்கும் இழுத்து ஏனுங்க ஜெயிக்கோணும்?" என்று கேட்டார். நான் புகாரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மணிக்கு ஆபரேஷன் செய்தும் முழங்கால் சரியாகவில்லை. தாராபுரத்தில் ஒரு விதைக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பில் போடுகிறான். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் தேவிதான் எடுத்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "அவரு வெளியே போயிருக்காருங்க மேடம்" என்றாள். இரண்டாம் முறை பின்னால் அவன் குரல் கேட்டது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

நான் வேறு கம்பெனிக்கு மாறி, அங்கிருந்து ரிட்டயர் ஆனேன். போன வருடம் அவினாசியில் ஒரு கல்யாணத்தில் பழனிசாமியைப் பார்த்தேன். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். பாயசம் வரும் நேரத்தில், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். டாக்டர் லெட்டர், டிராயர், ஃபிட்னஸ் ஃபாரத்தில் என் கையெழுத்து, விசாரணை, எல்லாம். மணி மேட்சை விற்கவில்லை, கிழிந்த காலோடு உங்களுக்காகத்தான் ஆடினான் என்றேன். தெரியாமல் செய்துவிட்டோம் என்று அவர் வருந்துவார், அந்த வருத்தத்தில் பாதியை நானும் இறக்கி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பழனிசாமி இலையை மடித்தார்.

"தெரியுமுங்க மேடம். மொத ரன் ஓடறப்பவே தெரிஞ்சுதுங்க, கால் போச்சுன்னு. எங்க எல்லாருக்குந் தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா வித்துட்டான்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்றதுங்க? தோத்துட்டோம்னு சொல்லச் சொல்றீங்களா?" எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி நின்றார். "இருந்தாலும், அந்த ரெண்டு ரன்னை ஓடியிருக்கலாமுங்க மேடம்."

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்தால் கூட்டம் அடங்கிவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். போதும் என்று அதற்கு ஒருபோதும் தோன்றாது. முதலாளிக்கும் தோன்றாது. ஆட வேண்டியவனால் போதும் என்று சொல்லவும் முடியாது. பேனா உங்கள் கையில் இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.